பிள்ளையாரைத் தாண்டாத வண்டி

1

இந்தக் கதை என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் நகர் நலச் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. 'தன்னிறைவு நகர்' திட்டத்தைப் பற்றி நம்பிக்கை தருகிற கதை ஒன்று வேண்டும், ஓசூரிலேயே நீங்கள் ஒருத்திதான் எழுத்தாளர் என்று சங்கத் தலைவர் முத்துக்குமார் வந்து உட்கார்ந்துவிட்டார். ஓசூரில் எழுதுகிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். தெரிந்தும் அந்தப் பொய்க்கு மயங்கி ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே, புகையில்லாத ஒரு வண்டி—"

(வேண்டாம். வயல் ஏது? கேழ்வரகு விளைந்த நிலத்தை மனை போட்டு அதன் மேல்தான் குடியிருக்கிறோம்.)

இரண்டாவது தொடக்கம்: "மாதேஸ்வரி வண்டியைக் கிளப்பினாள்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

திட்டம் எளிமையானது. எங்கள் நகருக்குப் பின்னால் ஒரு சந்து. அதைத் தாண்டினால் பழைய ஊர். அங்கே விளைகிற தக்காளி லாரி ஏறி ராயக்கோட்டை மண்டிக்குப் போய், வேறொரு லாரியில் திரும்பி, எங்கள் நகர்க் கடையில் வந்து இறங்கும். கூப்பிடு தூரத்துத் தக்காளிக்கு இத்தனை டீசல். நினைத்தாலே வயிறு எரியும். ஆகவே சங்கம் ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கியது. காலையில் ஊரிலிருந்து காய், கீரை, பால் ஏற்றி வரும். ஷிப்டு நேரத்தில் அதே வண்டி எங்கள் ஆட்களைக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் விடும்.

ஓட்டுவதற்குப் பழைய ஊர்க்காரி மாதேஸ்வரி வந்தாள், கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு. அவள் இடத்தில் மறுநாளே வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.*

* இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

3

இனி வருவதை நான் கற்பனை செய்திருந்தால், நம்பும்படி இல்லை என்று எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியிருக்கும்.

சந்து நேராக வந்து முட்டுவது முத்துக்குமார் வீட்டு வாசலில். தெருக்குத்து. அதற்குப் பரிகாரமாக, வண்டி வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், இதே சங்கம், இதே ஆட்கள், சந்தின் வாயில் மேடை கட்டிப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். மேடைக்கும் மூலை வீட்டுச் சுவருக்கும் நடுவே பைக் நுழைகிற அளவுக்கு இடம். வண்டியின் நிறத்தைப் பற்றிப் பேச ஒரு கமிட்டி இருந்தது. அகலத்தைப் பற்றி வாய் திறக்க ஒருவர்கூட இல்லை.

தொடக்க விழாவில் அந்தப் பிள்ளையாருக்கே தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, கைதட்டி அனுப்பினோம். பழங்கள் நசுங்கின. வண்டி மேடையருகே போய் நின்றுவிட்டது. விஷயம் புரியாத பின்வரிசைக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து மாதேஸ்வரி ஹைவே வழியாகச் சுற்றுகிறாள். ராங் சைடில், எதிரே வருகிற கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி. போன வாரம் ஒரு லாரி அவள் வண்டியின் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பிள்ளையாரை நகர்த்துவதா, வண்டியை விற்றுவிடுவதா என்று முடிவாக வேண்டும்.

4 (முடிவு, முதல் முயற்சி)

பிள்ளையாரை நகர்த்துகிறார்கள். பூசாரியிடம் கேட்டேன். முறைப்படி பூஜை செய்து தள்ளி வைக்கலாம், ரோடு போடும்போதெல்லாம் செய்வதுதான் என்றார். மறுப்பவர் முத்துக்குமார் ஒருவர்தான். சரி, வில்லன் கிடைத்தார் என்று உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன்.

வில்லன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அன்று தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு தடவ கலைஞ்சிட்டு மேடம். பிள்ளையார் வந்த பொறவுதான் சுப்ரியாவுக்கு நின்னுருக்கு. இப்பம் போயி நகத்தச் சொல்லுதீங்களே."

சுப்ரியா அவர் மனைவி. ஏழாம் மாதம். மூடநம்பிக்கை பற்றி நான் தயாராக வைத்திருந்த பத்தி முழுவதும் வீண். ஒரு வில்லனைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ள விடமாட்டார்களா இந்த நகரில்?

5 (முடிவு, இரண்டாவது முயற்சி)

மாதேஸ்வரி கூட்டத்தில் எழுந்து நியாயம் கேட்கிறாள். எல்லாரும் தலைகுனிந்து—

(விட்டுவிடுகிறேன். இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.)

"தெனம் அந்தப் பொண்ணுக்கு நாந்தான் முருங்கக்கீரை குடுத்துட்டு வரேன். வயித்துல புள்ள இருக்கையில சாமிய நகத்துங்கன்னு என் வாயில எப்பிடிக்கா வரும்?" என்றாள். கூடவே, "அதுக்குன்னு லாரிக்காரன் எனக்காவ நிப்பானா" என்றும் சொன்னாள்.

6

மூன்றாவது முடிவு முத்துக்குமாருடையது. நியாயமாக இது நான்காம் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

"பிள்ளையார் அங்கனயே இருக்கட்டும் மேடம். உங்க சுவர ரெண்டடி உள்ள தள்ளிட்டா வண்டி தாராளமாப் போவும்."

ஆமாம், மூலை வீடு என்னுடையது. (கதைக்கு அவசியம் என்று தோன்றவில்லை.) அந்த இரண்டடி போனால் என் கார் உள்ளே நிற்காது. புகையில்லாப் போக்குவரத்தைப் பற்றிப் பேசக் கிருஷ்ணகிரிக்குக் கூப்பிடும்போதெல்லாம் நான் போவது அந்தக் காரில்தான். தவிர, அது பட்டாவில் உள்ள என் இடம். தவிர, பிள்ளையாரை அங்கே வைத்தது நானில்லை. தவிர—

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். விட்டுவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் சுவராக இருந்தால் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்று காலை மாதேஸ்வரி என் கேட் முன்னால் வண்டியை நிறுத்தினாள். முத்துக்குமார் அவளிடமும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் சுவரைப் பற்றிக் கேட்கவில்லை.

"கதை முடிஞ்சிடுச்சாக்கா?"

இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப இன்னிக்கும் ஹைவே மேலதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.