மேலிருந்து கீழ் ஐந்து

ரங்கூன் துணிக்கடையில் வேலை பார்த்த ஆறு வருஷமும் என் வீட்டுக்காரர் ஹரிராம் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு கட்டம் இருக்கும். எழுத்துக்குப் பதில் எண்களை நிரப்புகிற கட்டம். அங்கே ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்துப் பழகி, பிறகு தானே போட ஆரம்பித்துவிட்டார். மற்ற பெண்டாட்டிகளுக்குப் பட்டுத்துணி வந்தது. எனக்கு, 'இடமிருந்து வலம் ஒன்று: பதின்மூன்றின் வர்க்கம்.' எட்டாம் வகுப்புப் படித்தவளைக் கட்டிக்கொண்டதற்கு இதுதான் மரியாதையாக்கும் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் என்னால் விட முடியவில்லை. ஓர் எண்ணைப் போட்டு, மேலிருந்து இறங்குகிற இன்னொன்றும் அதே எண்ணில் வந்து உட்காரும்போது அடிவயிற்றில் ஜில்லென்று இருக்கும். சோறு வடிக்கும்போதுகூட உதடு பெருக்கிக்கொண்டே இருக்கும்.

"பத்மாசினி, ஜபமா பண்றே?" என்பார் மாமியார், நூல் சுற்றும் ராட்டையை நிறுத்தாமல்.

மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. அன்றிலிருந்து நான் மரத்துப்போனேன். அழு, அழுதால் பாரம் குறையும் என்றார்கள். வந்தால்தானே! ரசத்தில் உப்பு இருக்கிறதா என்பதுகூட நாக்குக்குத் தெரியவில்லை. எங்கள் வீடு இருக்கிற மகால் பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம் எப்போதும்போல் கேட்டது. நான் எழுந்தேன், சமைத்தேன், படுத்தேன்.

ஆடியில் விருமாண்டி வந்தான். திருமங்கலத்துப் பக்கத்துக்காரன். அதே கடையில் மூட்டை தூக்கியவன், அவரோடு மலைவழியே நடந்து வந்தவன். உடம்பில் எலும்புதான் மிச்சம்.

"பங்குனியில மணிப்பூர் மலையடியில ஒரு முகாம்ல தங்குனோம், மதினி. அண்ணனுக்குக் காய்ச்சல். நீ முன்னால போடான்னுட்டாரு. நான் வார வழியில கல்கத்தா ஆஸ்பத்திரியில கிடந்துட்டேன். அண்ணே பின்னாலயே வந்துருவாரு."

நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தான். அவர் வருவாரா, மாட்டாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. தாளில் அதற்குப் பதில் இல்லை. 'நலம்' என்று ஒரு வார்த்தை இல்லை. வெறும் கட்டம்.

பென்சிலை எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஜில்லிப்பு வந்தது. புருஷன் எங்கே கிடக்கிறானோ, இவள் எண் போட்டுச் சிரிக்கிறாளே என்று யாராவது பார்த்துவிட்டால் என்று பயந்து அடுப்படியில் வைத்துத்தான் போட்டேன். மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. மேலிருந்து கீழ் ஐந்து மட்டும் விழவில்லை.

'நம் இருவர் வயதும் சேர்ந்தால்.' இதிலென்ன கஷ்டம்? எனக்கு இருபத்தைந்து, அவருக்கு முப்பத்துநான்கு. ஐம்பத்தொன்பது. ஆனால் அதே கட்டத்தில் தொடங்குகிற இடமிருந்து வலம் ஐந்து, நான்கின் கனம். அறுபத்துநான்கு. அந்தக் கட்டத்தில் ஆறுதான் வரும், ஐந்துக்கு இடமே இல்லை. காய்ச்சலில் பெண்டாட்டி வயதும் மறந்துபோச்சா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வாரம் அந்தத் தாளோடு சண்டை போட்டேன்.

நாலாவது வாரம் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது சட்டென்று புரிந்தது. எங்கள் வீட்டில் வயதைத் தேதி பார்த்துக் கூட்டுவதில்லை. நட்சத்திரம் பார்த்துத்தான். சித்திரை மாதம் சுவாதி வந்தால் எனக்கு ஒரு வயது ஏறும், தலைக்கு எண்ணெய் வைத்துப் பாயசம் வைப்பார்கள். இந்த வருஷம் யாரும் வைக்கவில்லை. சுவாதி வந்துபோனது எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இருபத்தாறு. கூட்டினால் அறுபது! கீழே பூஜ்யம். அங்கே இடமிருந்து வலம் எட்டு, பதினைந்தை இருபதால் பெருக்கினால் முந்நூறு. நடுப்பூஜ்யம் அச்சாக அதிலே வந்து உட்கார்ந்தது. ஈரக்கையோடு வாய்விட்டுச் சிரித்தேன். பங்குனியில் மட்டும் இல்லை, சித்திரையிலும் அவர் எழுந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! காய்ச்சல் விட்டிருக்கிறது!

அன்றைக்கு விருமாண்டி வருகிற நாள். சந்தைக்கு வந்தால் வாரம் தவறாமல் எங்களுக்குக் கத்தரிக்காய் கொண்டுவருவான், காசு கொடுத்தால் வாங்கமாட்டான். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, மாசத்தைத் தப்பாச் சொல்லிட்டீங்க. பங்குனி இல்ல. சித்திரை சுவாதிக்கு அப்புறமும் அவர் நல்லா இருந்திருக்கார். கணக்கு சொல்லுது பாருங்க!"

"எந்தக் கணக்கு, மதினி?"

தாளைக் காட்டி, வயதைச் சொல்லி, விரல் வைத்து விளக்கினேன். அவனுக்கு எழுத்து வராது. ஆனாலும் கடைசிவரை கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. கத்தரிக்காய்க் கூடையைத் தரையில் வைத்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பங்குனியில் பிரிந்தவர் சித்திரையில் எழுதிய தாளை இவன் கையில் எப்படிக் கொடுத்தார்?

"நீங்க அவரை விட்டுட்டு வரல," என்றேன்.

"எப்படி மதினி விட்டுட்டு வருவேன்?" அவன் கூடைக்குப் பக்கத்தில் குந்தினான். "வைகாசி அமாவாசைக்கு முந்துன நாளு. விடியக்கருக்கல்ல, என் மடியிலதான். செத்துட்டேன்னு சொல்லாதடா, வழியில விட்டுட்டு வந்தேன்னு சொல்லு, எங்கம்மா இருக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. இந்தத் தாளை மூணு நாளாப் போட்டாரு. காய்ச்சல் அம்புட்டு அடிச்சுச்சு. அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் போட்டாரு."

அவனைப் பொய் சொல்ல வைத்தவருக்குக் கட்டத்தில் ஒரு வயதைக் குறைத்துப் போட மனசு வரவில்லை.

"யாரு, விருமாண்டியா? என்ன சொல்றான்?" உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

திதி தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டால் என் வீட்டுக்காரருக்கு எள்ளும் தண்ணீரும் யார் விடுவது? உள்ளே போய் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வைகாசி அமாவாசைக்கு முந்தின நாளாம், அத்தை."

அவர் கையில் ராட்டை நின்றது. பிறகு மார்பில் அடித்துக்கொண்டு கத்திய கத்தலில் சந்தில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அறுபது சரியாக விழுந்த சந்தோஷம் மட்டும் இன்னும் உள்ளே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.