எண்பத்து மூன்றில் அறைந்த பலகை

கொரோனா வந்து இரண்டாம் வருசம். ஹார்பரில் வேலை செய்யும் என் மகன் கிளெமென்றுக்கும் பிடித்துவிட்டது. கட்டில் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டே அறை. பின்னறையில் அவன், முன்னறையில் என் மனுசி ஐறீன். அவளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். இது தொற்றினால் அவள் தப்பமாட்டாள்.

கிருமி சாகட்டும் என்று கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டேன். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

பக்கத்து வீட்டுப் புவாத்துக்கு ஆஸ்பத்திரி லாப்பில் கிருமி சோதிக்கிற வேலை. வெளியில் நின்று கத்தினான்.

“அங்கிள், பொகைக்குக் கிருமி சாகாது. அன்ட்டி இருமுறது எங்கட ஊட்டுக்குக் கேக்குது! ஜன்னலத் தொறங்க. இது காத்துல பரவுற நோய்.”

“போன வருசம் சாமானைக் கழுவு எண்டீங்கள். வெங்காயத்துக்கும் சவுக்காரம் போட்டனான். இப்ப காத்தோ? வாற வருசம் நிலாவோ?”

“அப்ப சரியாத் தெரியல்ல, அங்கிள். பாத்தோம், பிழை விளங்கிச்சு, மாத்தினோம். தெரிஞ்ச பொறகும் மாத்தாட்டி ஏசுங்க.”

வாய்க்காரன். ஒருத்தன் பேச்சையும் நான் நம்புகிறவனில்லை. ஐறீனை வாசற்படியில் இருத்திவிட்டு, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். முன்கதவைத் திறந்தும் புகை போகவில்லை. கிளெமென்றின் கட்டிலுக்கு மேலே தொங்கி நின்றது. பிறகு மெதுவாக ஐறீனின் பாய்ப் பக்கம் நகர்ந்தது. அவன் மூச்சும் இப்படித்தானே வரும்?

பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. எண்பத்து மூன்றுக் கலவரத்தில், தமிழர் கடைகள் எரிந்த கிழமை, பலகை வைத்து ஆணி அறைந்தேன். அதற்குப் பிறகு கழற்றவேயில்லை.

பலகையை நெம்ப அலவாங்கை எடுத்தேன்.

“ஐயோ, அதைத் திறக்காதேங்கோ! ஆரும் வந்தா?” என்றாள் ஐறீன்.

“வந்தா நான் இருக்கிறன். இது உள்ளுக்கே வந்திட்டுதடி.”

ஆணி துருவேறி மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. பலகை பிளந்துதான் வந்தது.

“அப்பா, கள்ளன் வருவான்,” என்று கிளெமென்ற் முனகினான்.

“வந்தா உனக்குப் பக்கத்தில படுக்கச் சொல்லு.”

முன்வாசலால் வந்த ஹார்பர்க் காற்று புகையைப் பிடரியில் பிடித்து ஜன்னலால் தள்ளிக்கொண்டு போனது.

பின் ஒழுங்கையில், ஜன்னலுக்குக் கீழே கதிரையைப் போட்டு, அலவாங்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மதிலுக்கு மேலால் புவாத் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“இளிக்காதை. உன்னை நம்பித் திறக்கேல்லை. புகையைப் பாத்துத் திறந்தனான்.”

“நாங்களும் அப்பிடித்தான் அங்கிள்.”

ஐறீனுக்கு இழுக்கிறதோ என்று காது கொடுத்தேன். இழுக்கவில்லை. கிளெமென்ற் எழும்பி நடக்கும்வரை அந்தக் கதிரையை நான் எடுக்கவில்லை.