ஒரு வார்த்தை விடாமல்

பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரிக்கு ஒரு வயர்லெஸ் செட் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் சோதித்துப் பார்க்கக் கொடுத்த மூன்றில் இரண்டு, ஊர்க்கோடிப் பாலத்திலேயே இரைய ஆரம்பித்துவிட்டன. மூன்றாவதைப் பூட்டிக்கொண்டு தம்பி கிளம்பினான். ஷெட்டில் அண்ணன் இன்னொரு செட்டும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். தம்பி போகவேண்டிய டிரிப் ஒன்றுக்குத் தானே போய், விபத்தில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தவர்.

"பெட்ரோல் பங்க் தாண்டிட்டேன். கேக்குதா?"

"கேக்குது. நிதானமா போ."

அந்த 'நிதானமா'தான் அவனுக்குச் சுருக்கென்றது. மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் தொடைக்கடியில் செருகினான். நரம்பில்லாத நாக்கு, வண்டி பாலம் ஏறும்போது பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் பொரிந்து தள்ளியது.

"எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றாரு பாருங்க. நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு நாட்டாமை வேற. சரியான தண்டச்சோறு."

மெக்கானிக் செட்டில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். தொடைக்கடியில் மைக்கின் பட்டன் அமுங்கியே இருந்தது. அது அமுங்கியிருக்கும்வரை இங்கே பேசுவதெல்லாம் அங்கே கேட்கும். அங்கிருந்து குறுக்கே ஒரு சொல் வர வழியில்லை.

திரும்பி வந்தவனை அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. "இதையே வாங்கிடு" என்று நோட்டை மட்டும் நீட்டினார்.

முதல் இரண்டு செட்டுக்கும் நேரே, 'பாலம்: இரைச்சல்.' மூன்றாவதற்கு நேரே, அதே நிதானமான கையெழுத்தில், 'பாலம்: ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.'