ஆண் குட்டிக்கு விழுந்த சீட்டு

பெனோ ஒரு வாரமாகப் பெண் நாய்க்காக வாதாடிக்கொண்டிருந்தான். கண்டிப்பாகத் தோற்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் வாதாடினான்.

பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் தெரியவில்லை. மறுநாள் குளிக்கப் போன அப்பா இஸ்ரவேல்தான் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று கண்டுபிடித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் அன்றைக்கே விடையும் சொல்லிவிட்டார்.

"நாய் வளக்கணும். ஆண் நாய். பொட்டைய வச்சா ஊர் நாயெல்லாம் வாசல்ல வந்து கூட்டம் போடும்."

பெனோ கல்லூரியில் மூன்றாம் வருஷம். 'மொட்டைக் கடுதாசி' என்று வாரம் ஒரு பக்கம் பெயர் போடாமல் கேலி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவன். முதல்வர் முதல் கேன்டீன் வடை வரை அவன் கையில் அடி வாங்காதது இல்லை. போதாக்குறைக்குப் போன மாதம்தான் பேச்சுப்போட்டியில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலேயே காட்டப்படும் ஓரவஞ்சனையைப் பற்றிப் பதினோரு நிமிஷம் பேசி முதல் பரிசு வாங்கியிருந்தான். கைதட்டியவர்களில் வண்ணார்பேட்டை டார்லினும் ஒருத்தி. நாய் வாங்கப்போகிறோம் என்று அவளிடம் வாயை விட்டதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பொட்டைதான எடுப்ப?"

"பின்ன?" என்றுவிட்டான்.

ஆனால் அவனுக்கு வேண்டியது ஆண் நாய். சாயங்காலம் அதைப் பிடித்துக்கொண்டு வண்ணார்பேட்டை வழியாக நடக்க வேண்டும். தனக்கு அமையாத நெஞ்சு தன் நாய்க்காவது அமையட்டும் என்று ஆசைப்பட்டான். மேஜர் என்று பெயரும் வைத்தாயிற்று. தவிர, பக்கத்து வீட்டுக் கரோலின் அக்கா ஒரு பொட்டை வளர்த்தாள். போன வருஷம் அதைப் பெண் பார்க்கப் பதினோரு மாப்பிள்ளைகள் வந்து கேட்டை மறித்துப் படுத்துக்கொண்டதில், அக்கா வீட்டுக்காரர் நாலு நாள் கொல்லைச் சுவரேறிக் குதித்து ஆபீஸ் போனார். அதையும் 'மொட்டைக் கடுதாசி'யில் எழுதிச் சிரித்தவன் பெனோதான். சுவரேறுகிற முறை தனக்கு வருவதை அவன் விரும்பவில்லை.

ஆகவே திட்டம் எளிது. கொள்கைக்காகக் கடைசி வரை போராடுவது. பெற்றோரின் பழைய புத்தியால் தோற்பது. கனத்த மனதோடு மேஜரைப் பெற்றுக்கொள்வது. "நான் தனி ஆள்தான டார்லின்" என்று சொல்வதற்கு ஒரு முகமும் கண்ணாடி முன் தயார் செய்திருந்தான்.

திட்டத்தில் மண்ணைப் போட்டவள் அம்மா ஜெபகனி. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. அவள்தான் பொட்டை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்பாள் என்று பெனோ கணக்குப் போட்டிருந்தான். அவளோ ஏழு நாளும் அவன் பேச்சைக் கவனமாகக் கேட்டுவிட்டு, எட்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இவன் சொல்லுதது சரிதாங்க. பொட்டையே எடுப்போம். குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணிக்கலாம். ரெண்டு ஆம்பளைய வச்சுக்கிட்டு நான் படுத பாடு போதும், மூணாவது ஒண்ணு வேண்டாம்."

பெனோவுக்குப் புரையேறியது. தலையில் தட்டியவளும் அவளே.

இஸ்ரவேல் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு. தோற்கிற கணக்கை அவர் வழக்கமாக மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்.

"அப்பம் சீட்டுப் போட்ருவோம்."

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். இரண்டு சீட்டு எழுதி, மடித்து, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. வருவது ஆண்டவருடைய சித்தம். பெனோ என்ன படிப்பது, வீட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது எல்லாம் அப்படித்தான் முடிவாயின. ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆண்டவர் சொன்ன பிறகு மற்றதைப் பிரிப்பது அவரையே சந்தேகப்படுவதாகும் என்பார் இஸ்ரவேல். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுவது எப்போதும் பெனோ. போன மாதம் சர்ச்சில் பொருளாளர் தேர்தலில் இஸ்ரவேலுக்கும் ஜெபஸ்டின் என்பவருக்கும் சம ஓட்டு விழுந்தபோதுகூட, அவனைக் கூப்பிட்டுத்தான் சீட்டு எழுதச் சொன்னார்கள். இஸ்ரவேலுக்கு விழுந்தது.

பெனோ காகிதத்தைக் கிழித்தான். ஒன்றில் 'ஆண்' என்று எழுதினான். இன்னொன்றிலும் 'ஆண்' என்று எழுதினான். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து மேஜைமேல் போட்டான்.

அப்பா ஜெபித்தார், ஒரு சீட்டை எடுத்தார், பிரித்தார், ஊருக்கே தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார். பெனோ தலையைக் குனிந்துகொண்டு, "ஆண்டவர் சித்தம் அப்படின்னா நாம என்ன செய்ய முடியும்?" என்றான். குரல் கொஞ்சம் தழுதழுக்கக்கூடச் செய்தது. ஜெபகனி அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். டார்லினுக்கு விஷயத்தை அனுப்பினான். அவள் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பினாள். எல்லாம் நினைத்தபடி நடந்தது.

சனிக்கிழமை காலையில் மூவரும் பழைய மாருதி காரில் அம்பாசமுத்திரம் கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே வயலை ஒட்டி வீடு வைத்திருந்தார் காசிலிங்கம். அவருடைய மகன் ஜெபகனியிடம் அ, ஆ படித்தவன். வீட்டு நாய் ஐந்து போட்டதில் ஓர் ஆணும் ஒரு பொட்டையும் மிச்சம் இருப்பதாகப் போனில் சொல்லியிருந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க சார். இந்தா நிக்கான் பாருங்க உங்காளு."

ஆண் குட்டி செம்பழுப்பு. அகல நெஞ்சு. காரை விட்டு இறங்கிய மூவரையும் ஓடிவந்து நக்கியது, இஸ்ரவேலின் செருப்பைக் கவ்வியது, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. மோட்டார் திருடன் வந்திருந்தால் அவனுக்கும் காட்டியிருக்கும். மேஜர் என்றால் மேஜரேதான். பெனோ குனிந்து தடவப் போனபோது வேறு ஒரு சத்தம் கேட்டது.

வைக்கோல் படப்புக்கு அடியிலிருந்து ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது. ஒரு காது கறுப்பு, உடம்பெல்லாம் எலும்பு. ஒவ்வொரு குரைப்புக்கும் ஓர் அடி பின்னால் போனது. பின்னால் போக இடமில்லாமல் வைக்கோலில் முதுகு முட்டியதும், கால் நான்கும் வெடவெடக்க, அங்கேயே நின்று குரைத்தது.

பெனோ நிமிர்ந்துவிட்டான். பயந்து நடுங்கிக்கொண்டே, பத்திரமான இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டு, ஊரைப் பார்த்துச் சத்தம் போடுவது. மூன்று வருஷமாக வாட்ஸ்அப்பில் அவன் செய்துவரும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. அவனைவிட நன்றாகவே செய்தது. தான் யாரென்று மறைக்கவில்லை.

"அது பொட்டை, சார். காலையில இருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்துது," என்றார் காசிலிங்கம்.

"இத யார் எடுக்கா?" பெனோ கேட்டான்.

"பொட்டைய எவன் எடுப்பான் தம்பி? இந்த ஆணை நீங்க வேண்டாம்னா மணிராஜ்னு ஒருத்தன் வாங்க வாரேன்னு நிக்கான், கங்கைகொண்டான்ல கம்பெனிக் காவலுக்கு. இதுக்கு ஆள் இல்ல. நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்ருவேன். போன ஈத்துலயும் ரெண்டு விட்டேன்."

"அதுங்க என்ன ஆச்சு?"

காசிலிங்கம் யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். "ஒண்ணைப் பாத்தேன், ரோட்டுல" என்றார்.

பெனோ வைக்கோல் படப்பின் பக்கம் திரும்பினான். பதினோரு நிமிஷப் பேச்சில் எந்த இடத்திலும் அந்த ரோடு வரவில்லை.

"அப்பா, இதையே எடுப்போம்."

"ஏலே, ஆண்டவர் ஆணைச் சொன்ன பெறகு என்ன பேச்சு இது?"

"ஆணை எடுன்னுதான் சொன்னாரு. பொட்டைய எடுக்காதன்னு சொல்லலையே. ரெண்டையும் எடுப்போம்."

"அவர்ட்டயே வக்கீல் வேல பாக்கியா? சீட்டு ஒண்ணு, நாய் ஒண்ணு."

"சீட்டு சில சமயம் தப்பா விழும்லாப்பா."

"விழாது," என்றார் இஸ்ரவேல். அந்த ஒரு சொல்லில் நாற்பது வருஷ விசுவாசம் இருந்தது. ஆண் குட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். பொட்டை விடாமல் குரைத்தது.

பெனோவுக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் காரில் ஏறினால் மேஜரும் கிடைக்கும், மரியாதையும் மிஞ்சும். அவன் காரின் கதவைக்கூடத் திறந்துவிட்டான். பிறகு சாத்தினான்.

"ரெண்டு சீட்டுலயும் ஆண்ணுதான்ப்பா எழுதுனேன்."

இஸ்ரவேல் நின்றார். குட்டி அவர் காதை நக்கியது. அவர் கவனிக்கவில்லை.

"என்னது?"

"ரெண்டுலயும். எனக்கு ஆண் நாய்தான் வேணும்னு இருந்துது. ஆனா நான் கேட்ட மாதிரி இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

"ஒரு வாரமா பொட்ட, பொட்டன்னு உயிர எடுத்தது?"

"அது சும்மா."

ஜெபகனி மகனை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகள் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். இவ்வளவு முட்டாள்தனமான பொய்யை ஒன்றாம் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை என்பது போல நின்றாள். காசிலிங்கத்தின் மனைவி தங்கத்தாய் மட்டும் முற்றத்தைப் பெருக்குவதை நிறுத்திவிட்டு நியாயமாக ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏன் டீச்சர், நாய்க்கா சீட்டுப் போட்டிய? நாங்களும் கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். கல்யாணத்துக்குப் பாப்போம், கெணறு வெட்டப் பாப்போம். நாய்க்கெல்லாம் சாமியத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

இஸ்ரவேலின் முகம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது.

"ஏலே," என்றார் பைய. "போன மாசம் சர்ச் கமிட்டிக்கு எழுதுன சீட்டு?"

"அது ஒழுங்காத்தான்ப்பா எழுதுனேன்."

"நெசமா?"

"நீங்க பொருளாளர் ஆகுததுல எனக்கு என்னப்பா லாபம்?"

சத்தியமான பதில்தான். ஆனால் உண்மை பேசி நம்பவைக்கும் தகுதியை அவன் ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் இழந்திருந்தான். இஸ்ரவேல் ஆண் குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, காரின் பானட்மீது சாய்ந்துகொண்டார். ஜெபஸ்டின் முகம் அவர் கண்முன்னால் வந்துபோவது பெனோவுக்கே தெரிந்தது.

"சரி," என்றாள் ஜெபகனி. "அந்தச் சீட்டு செல்லாது. இப்பம் ஒழுங்கா ஒண்ணு போடுவோம். நான் எழுதுதேன்."

 இதைப் பெனோ எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் குட்டி கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தான். இப்போது பாதிக்குப் பாதி. ஆண் விழுந்தால் வாயைத் திறக்க முடியாது. காசிலிங்கம் உரக்கடைக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஜெபகனி திரும்பி நின்று எழுதி, மடித்து, தங்கத்தாய் கொடுத்த சொம்புக்குள் போட்டுக் குலுக்கினாள்.

இஸ்ரவேல் ஜெபம் பண்ணும் நிலையில் இல்லை. "நீயே பண்ணுலே" என்றார்.

பெனோ கண்ணை மூடினான். ஜெபத்தை வைத்து இரண்டு 'மொட்டைக் கடுதாசி' எழுதியிருக்கிறான். இப்போது அவனே ஜெபிக்க வேண்டும். "ஆண்டவரே, அந்தப் பொட்டைக் குட்டி..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டான். இந்த முறை தழுதழுப்பை அவன் வரவழைக்கவில்லை. வைக்கோலுக்குள்ளிருந்து குட்டி குரைத்தது.

"ஆமென்," என்று முடித்துவைத்தவள் ஜெபகனி.

அவளே கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். பார்த்தாள். திரும்ப மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"பொட்டை," என்றாள்.

"காட்டு பாப்போம்," என்றார் இஸ்ரவேல்.

"எதுக்கு? நான் பொய் சொல்லுவேனா?"

இஸ்ரவேல் அவள் கைப்பையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. பார்த்ததில்லையா, தெரியவில்லையா என்பதை அடுத்தவர் முற்றத்தில் வைத்து ஆராய அவர் தயாராக இல்லை.

தங்கத்தாய் சொம்பை எட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணு கெடக்கே டீச்சர், என்ன செய்ய?"

மூன்று பேரும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை.

"அடுப்புல போட்ரு தாயி," என்றாள் ஜெபகனி.

பெனோ வைக்கோலுக்குள் கையை முழங்கை வரை விட்டுக் குட்டியைப் பிடித்தான். கட்டைவிரலில் நல்ல கடி. துண்டில் சுற்றி எடுத்துவந்து பின்சீட்டில் உட்கார்ந்தான். கார் கிளம்பியது. அவன் முன்னால் குனிந்து, "அம்மா, அந்தச் சீட்டுல..." என்றான்.

"குட்டியப் பைய பிடி. மூச்சு முட்டுது பாரு அதுக்கு."

பெனோ துண்டைத் தளர்த்தினான். குட்டி துண்டிலிருந்து தலையை நீட்டி, முன்சீட்டில் தெரிந்த இஸ்ரவேலின் வழுக்கையைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. நடுக்கம் கொஞ்சமும் குறையவில்லை. குரைப்பும் குறையவில்லை. சேரன்மகாதேவி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார் இஸ்ரவேல். அப்புறம் ஸ்டியரிங்கை விடாமல் லேசாகத் தலையை மட்டும் திருப்பினார்.

"சும்மா கெடளா," என்றார், வீட்டுப் பெண் பிள்ளையை அதட்டுவது போல.