சிவப்புப் பக்கம்

லிங்கசாமி அந்தக் கோப்பையைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். தூக்கி எறியவும் மனசு வரவில்லை, பார்க்கவும் கூசுகிறது. செய்த ஈனத்தனத்துக்குப் பேர் வெட்டிப் பரிசும் கொடுத்தால் மனுசன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. திருப்பூரில் அவர் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் ஆண்டுவிழாவுக்கு டேபிள் டென்னிஸ் போட்டி வைப்பார்கள். மூன்று வருசமாக இறுதி ஆட்டத்தில் அவரை மண்ணைக் கவ்வ வைத்தவன் ராஜபாண்டி. கமுதிப் பக்கத்துக்காரன். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியின் நிறம் சரியா என்று ஷேடு பார்ப்பது அவன் வேலை. அவன் முன்சுழற்சி கொடுத்து அடித்தால் பந்து மேசையில் பட்டு நெஞ்சுக்குப் பாயும்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று லிங்கசாமி கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மட்டையில் ஒட்டும் ரப்பர் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"சாதா ரப்பர் பந்தைக் கவ்விப் புடிக்குமுங்க. இது வழுக்கி உட்ரும். அவன் குடுத்த சுத்து பந்துலயே தங்கி, அவனுக்கே தலைகீழாத் திரும்பிப் போவுமுங்க. எப்பவும் போல அடிச்சான்னா வலையிலதான் உழுவும்."

"அப்பறம் எல்லாரும் இதையே வாங்க மாட்டாங்களாங்க?"

"மட்டையில ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு இருக்கோணும்னு சட்டமுங்களே. நெறத்தப் பாத்து எதிராளி உசாராயிருவான்."

பத்துப் பாயிண்டாவது தேறட்டும் என்று சிவப்புப் பக்கத்தில் வழுக்கு ரப்பரும் கறுப்பில் சாதாவும் ஒட்டி வாங்கினார்.

ஆட்டம் தொடங்கியது. ராஜபாண்டி அடித்ததெல்லாம் வலையில். சுதாரித்துத் தூக்கி அடித்தால், அது கறுப்பில் பட்டு வந்த பந்து. மேசையைத் தாண்டி ஓடியது. இவ்வளவு திறமைசாலி ஏன் இப்படித் தடுமாறுகிறான்? லிங்கசாமி வேண்டுமென்றே மட்டையை அவன் கண்ணெதிரே திருப்பிக் காட்டினார். அவனும் உற்றுத்தான் பார்த்தான். மறுபடியும் வலை. அப்போது அவருக்குப் புரிந்தது. அடக் கடவுளே, இவனுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது!

நிறுத்தினாரா? எங்கே! மூன்று வருசத்து ஆத்திரம். மட்டையைத் திருப்பித் திருப்பி அடித்து ஜெயித்தார்.

அதோடு விட்டிருந்தாலும் போயிற்று. பரிசு கொடுத்த முதலாளி சுப்பண்ணன் மைக்கை நீட்டி, "ஏனுங்க லிங்கசாமி, எப்படிங்க அவரைச் சாய்ச்சீங்க?" என்றார். சனியன் பிடித்த வாய் சும்மா இருந்ததா?

"பாவமுங்க, அவருக்குச் சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே தெரியலீங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜபாண்டி முகத்தில் ஈயாடவில்லை. சுப்பண்ணன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளி அவனைக் கூப்பிட்டு மெரூனும் கறுப்புமாக இரண்டு துண்டுத் துணியை மேசையில் போட்டார். பத்து நிமிசத்தில் எல்லாம் வெட்டவெளிச்சமானது. ஷேடு பார்த்ததெல்லாம் அதே செக்சனில் மாதிரித் துண்டு வெட்டிய அவன் பொண்டாட்டி சித்ராதேவி. துண்டின் ஓரத்தில் அவனுக்கு அவள் வைத்த அடையாளம்: சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, நிறம் பிசகியிருந்தால் மூலையில் ஒரு கிழிசல். கையெழுத்து மட்டும் அவனுடையது. எட்டு வருசத்தில் ஒரு லாட் துணியும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் இருவரையும் அன்றே அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் லிங்கசாமி அவர்கள் வீட்டுக்குப் போனார். சித்ராதேவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வெளையாட்டுக்குச் சொன்னனுங்க, ராஜபாண்டி. இப்படியாகும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"வாங்கண்ணே, உக்காருங்க," என்றான் அவன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஒண்ணே ஒண்ணு கேக்கவா? எனக்கு நெறம் தெரியலன்னு ஆட்டம் முடிஞ்சப்பறம்தான் கண்டுபிடிச்சீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

"இல்லீங்க. ரெண்டாவது கேம்லயே தெரிஞ்சுதுங்க."

ராஜபாண்டி குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அப்பவே எங்காதுல சொல்லியிருக்கலாம்ணே. மட்டையில ஒரு பக்கம் சாக்பீசால ஒரு புள்ளி வச்சிருந்தாப் போதும். நல்லா ஆடியிருப்போம்."

லிங்கசாமிக்கு அங்கேயே நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. சித்ராதேவி சாக்கைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.