கனால் தெருவில் எனக்குச் சித்தி கிடையாது

கோரின் என்கிற என் சித்தி வாரத்தில் ஆறு நாள் வெள்ளைக்காரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களில் ஒருத்தியாக உட்கார்ந்து, அம்மா வைத்த நண்டுக் குழம்பை விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவாள்.

நியூ ஆர்லியன்ஸில் எங்கள் பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் முப்பாட்டன் பிரெஞ்சுக்காரன். முப்பாட்டி அவன் சந்தையில் விலைக்கு வாங்கிய கறுப்புப் பெண். அதனால் சட்டப்படி நாங்களும் கறுப்பர்கள்தான். அந்த அசிங்கத்தில் வந்த நிறத்தைத்தான் எங்கள் ஆட்கள் மாதா கோயில் வாசலில் நின்று பெருமை பேசுகிறார்கள். நன்றாக வெளுத்தவர்கள் வெள்ளைக்காரர்களின் கடைகள் இருக்கும் கனால் தெருவுக்குப் போய், வெள்ளைக்காரர்கள் என்று சொல்லி வேலையில் சேர்ந்துவிடுவார்கள். அங்கே அவர்களைப் பார்த்தால் நாம் முன்பின் தெரியாதவர்கள் போலப் போய்விட வேண்டும். சின்ன வயதில் நான் சித்தியைப் பார்த்துக் கையாட்டிவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "கனால் தெருவுல உனக்குச் சித்தி கிடையாது. புரிஞ்சுதா?"

அப்போது புரியவில்லை. புரிந்தபிறகு அந்தத் தெருவில் கையாட்டவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் பூசிப் படிக்கவைத்தார். அந்தப் பட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாலும் கனால் தெருவில் ஒரு காபி குடிக்க முடியாது. அதாவது, நான் யார் என்று சொன்னால் முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தாராளமாகக் குடிக்கலாம். சித்தியைவிட நான் வெளுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம், வெள்ளைக்காரர்கள் மட்டும் சாப்பிடும் இடங்களில் போய் உட்கார்ந்து கைதாவது என்று நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். தலைவி வெர்னா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகள், நல்ல கறுப்பு. அவள் தேர்ந்தெடுத்தது கனால் தெருவில் சித்தி வேலை பார்க்கும் காபிக் கடை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

"நீ எதுக்குடி வர்ற?" என்றாள் வெர்னா. "உன் டிக்கெட்டு உன் மூஞ்சியிலேயே இருக்கு. பாதியில எறங்கிப் போயிடுவ."

"எறங்க மாட்டேன். போலீஸ் வண்டியில உன் பக்கத்துல உக்காந்துதான் போவேன்."

"பாப்போம்" என்றாள். நம்பவில்லை. நான் அவளாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளே போய் வரிசையாக ஸ்டூலில் உட்கார்ந்தோம். சித்தி ரோஸ் நிற யூனிபார்மில் வந்தாள். வெர்னாவிடம், "உங்களுக்கெல்லாம் இங்க குடுக்கிறதில்ல, எழுந்திருங்க" என்றாள். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். கை தானாகப் போய் ஒரு காபியை ஊற்றி என் முன்னால் வைத்தது. காபி வைத்துவிட்டால் நான் வெள்ளைக்காரியாகிவிடுவேன், தெரியாத்தனமாக இங்கே வந்து உட்கார்ந்த ஒருத்தியாகிவிடுவேன் என்று நினைத்தாள். எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படித் தோன்றும்.

கோப்பையை வெர்னா பக்கம் தள்ளினேன். வெர்னா நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

மேனேஜர் ஹேக்னி ஓடிவந்தார். கோப்பையை விரலால் காட்டினார், தொடவில்லை. சித்தி அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியின் விளிம்பில் அடித்து உடைத்துப் போட்டாள். கறுப்பு வாய் பட்ட பாத்திரத்தை அங்கே கழுவுவதில்லை. அவள் அதைச் செய்த லாவகத்தைப் பார்த்தால் இதுவரை எத்தனை உடைத்திருப்பாளோ தெரியாது. 

போலீஸ் வந்து மற்ற மூன்று பேரையும் முதலில் வெளியே தள்ளிக்கொண்டு போனது. வெர்னாவைக் கையை முறுக்கி இழுத்தார்கள். என் பக்கம் வந்தவன் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டான்.

"மிஸ், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மேல ஏதாவது பட்டுடப் போகுது."

"நானும் இவங்களோட வந்தவதான். என்னையும் பிடிங்க. நான் கறுப்புப் பொண்ணு."

"வெளையாடாதீங்க மிஸ்."

"காலேஜுல எதையாவது படிச்சுக் கெட்டுப் போயிருக்கும்" என்றார் ஹேக்னி.

போலீஸ்காரன் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தான். நகத்தின் அடியில் பிறை கறுத்திருந்தால் கறுப்பு இரத்தமாம். அவன் கட்டைவிரல் பிசுபிசுவென்றிருந்தது. மாட்டுக்குப் பல் பார்ப்பது போல ஐந்து விரலையும் புரட்டினான்.

"ஒண்ணும் இல்லையே. நீங்க என்ன சொல்றீங்க, மேடம்?" என்று சித்தியைக் கேட்டான்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. "பார்த்தாலே தெரியுதே சார். நல்ல குடும்பத்துப் பொண்ணு. வீட்டுல கோவிச்சுக்கிட்டு வந்திருக்கும். பத்திரமா கொண்டுபோய் விட்டுருங்க, பாவம்."

நல்ல குடும்பம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த நல்ல குடும்பத்தில் உட்கார்ந்துதான் அவள் இரண்டு நண்டு ஓட்டை உறிஞ்சினாள்.

வெர்னாவை வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. இதுதான் நடக்கும் என்று தெரிந்தவளின் முகம்.

"இவங்க என் சித்தி" என்றேன். "எங்க அம்மாவோட கூடப் பிறந்தவங்க. இவங்க என்னவோ அதுதான் நானும்."

யாரோ ஸ்பூனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"பொய் சொல்லுது சார்" என்றாள் சித்தி. சொல்லும்போதே அவள் இரண்டு கையும் ஏப்ரனுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. நகத்தை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் மறைத்தாள். ஹேக்னி அதைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு இவங்கதான் சாப்பாடு போடுறாங்க" என்றேன் அவரிடம். "ஒரு கோப்பையை ஒடைச்சா பத்தாது. கடையில இருக்கிற எல்லாத்தையும் ஒடைங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைவிட அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. சித்தி சுவரோடு ஒட்டி நின்றாள். 

"நடடி" என்று போலீஸ்காரன் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். மிஸ் எங்கே போனாளோ.

வண்டியில் மற்ற மூன்று பேருக்கும் எதிரே, வெர்னாவுக்குப் பக்கத்தில் விழுந்தேன். கதவைச் சாத்தினார்கள். உள்ளே மூத்திர நாற்றம். கொஞ்ச தூரம் போனதும் வெர்னா என் பக்கம் திரும்பினாள்.

"எப்படிடி நம்புனாங்க?"

சொன்னேன்.

"நெசமாவே சித்தியா?"

"ஆமா."

"வேலை போயிடும்ல?"

"இந்நேரம் போயிருக்கும்."

"புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு. வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க."

அவளுக்குப் புரிந்தது. வேலையோடு அதுவும் போகும். சித்தியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்களும் வீட்டுச் சொந்தக்காரனும் என்ன செய்வார்கள் என்றும் தெரியும்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

"உனக்குச் சொல்ல வேண்டியே வந்திருக்காது. நீ உள்ள நுழைஞ்சாலே போதும், பிடிச்சுருவாங்க."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வெர்னா, போலீஸ் முறுக்கிய கையைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

"தள்ளி உக்காருடி" என்றாள். "என் பாவாடை மேல உக்காந்திருக்க."

தள்ளி உட்கார இடம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.