பெண்கள் பக்கத்து கேட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டோல்கேட் டீக்கடைப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன ஒரு தியேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மற்ற இடங்களில் பழைய வேலைக்காரர்கள் கூடினால் அந்தக் காலம் போல வருமா என்று உருகுவார்களாம். இவர்களுக்கு அந்த வியாதி கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ரத்னமாலா டாக்கீஸின் பெயரை எடுத்தாலே மூன்று பேர் வாயிலும் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். தியேட்டரை விற்று இப்போது சிமெண்டுக் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். அதனால் என்ன, கிடங்கையும் சேர்த்துத்தான் திட்டினார்கள்.

சுப்பராயன் அங்கே முன் கேட்டில் டிக்கெட் கிழித்தவன். இப்போது உப்பு மூட்டை ஏற்றிய கைவண்டி தள்ளுகிறான். ரஷீது படம் ஓட்டிய ஆப்பரேட்டர். சொக்கம்மாள் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள். இப்போது அவளுக்கு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிற வேலை. ஒரு பொம்பளை டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதா என்று ஆரம்பத்தில் சில பேர் முறைத்துப் பார்த்தார்கள். அவள் திருப்பி முறைத்த முறைப்பில் அந்தச் சில பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

பெண்கள் பக்கம் என்றால் சுளுவான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்துச் சந்தில் தனி கேட்டு. உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர், கீழே மணல். தூணுக்குத் தூண் கட்டிய மூங்கிலில் தூளிகள் வரிசையாகத் தொங்கும். திரையில் கதாநாயகி அழ ஆரம்பித்தால் தூளியில் அத்தனையும் சேர்ந்து அழும். எது எவள் பிள்ளை என்று ஞாபகம் வைத்து ஆட்டிவிடுவதும், இடத்துக்காக ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்தால் பிரித்துவிடுவதும், மணலில் எச்சில் துப்பினவளை எழுப்பி நாலு கேள்வி கேட்பதும் சொக்கம்மாள் பாடு. அந்த வேலையை அவள் ராஜாங்கமாகத்தான் செய்தாள்.

மூன்று பேரும் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது அந்த ஒரு நாளில்தான். 1950-இல் ஒரு ராத்திரி ஆட்டத்தில் கேபினில் பிலிம் பற்றிக்கொண்டது. ரஷீது வெறுங்கையால் சுருளைப் பிடுங்கி வெளியே எறிந்தான். கூட்டம் பிழைத்தது. அவன் வலது கை விரல்கள் ஒட்டிப்போயின. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கவில்லை, சொல்லி அனுப்பினார்: பீடி குடித்துத் தீ வைத்தவனுக்கு இனி வேலை இல்லை. ரஷீதுக்கு வெற்றிலைதான் பழக்கம், பீடி அவன் உதட்டில் பட்டதே கிடையாது. இதைத் தெரு நாய்கூடச் சொல்லும். தியேட்டர் ஆட்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ரஷீதை உள்ளே விடாமல் படம் ஓடாது என்றார்கள்.

ஜெயிப்போம் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. படம் பார்க்க வருகிறவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். முந்தின வருஷம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தியேட்டர் ஆட்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். போலீஸ் துரத்திக்கொண்டு வந்த ஜெயவேலு என்கிற மூட்டைக்காரனைச் சுப்பராயன் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். அவன் அங்கேயே குந்திக்கொண்டு படத்தை இடவலம் மாறிப் பார்த்துவிட்டு, கதாநாயகன் இடது கையால் சாப்பிடுகிறான் என்று சிரித்தான். அப்பேர்ப்பட்ட தோஸ்து.

முதலாளி எங்கிருந்தோ ஆள் பிடித்து வந்து புதுப்படம் போட்டார். ஊரே காத்துக்கிடந்த படம். தியேட்டர் ஆட்கள் கேட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். உள்ளே போகிறவன் தங்களைத் தாண்டித்தான் போகவேண்டும், எவன் தாண்டுவான் என்ற தைரியம். வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை படுத்திருப்பவரைத் தாண்டினால்கூட, திரும்பத் தாண்டு என்று அதட்டுகிற ஊர் இது. மத்தியானம் வரைக்கும் எவனும் தாண்டவில்லை. பிறகு ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுப்பராயனை ஒரே எட்டில் தாண்டி உள்ளே போனான். ஜெயவேலு. அவனுக்குப் பின்னால் வரிசை முழுவதும் தாண்டியது. அன்றோடு போராட்டம் முடிந்தது, அத்தனை பேர் வேலையும் போனது.

"தாண்டினான்" என்று சுப்பராயன் சொல்லும்போது இன்றைக்கும் கழுத்து நரம்பு புடைக்கும். ரஷீது தலையை ஆட்டுவான். சொக்கம்மாள் டீயை ஊதிக் குடிப்பாள். ஏழு வருஷமாக வாராவாரம் சொல்லப்படுகிற அந்தக் கதையில் சந்துப் பக்கத்து கேட்டு ஒரு தரம்கூட வந்ததில்லை.

இந்த வாரம் சுப்பராயன் டீயைத் தொடவில்லை.

"ஜெயவேலு பொண்ணு கேட்டு ஆள் அனுப்பிச்சிகீறான். என் சிவந்திய அவன் புள்ளைக்கு. சாய்ங்காலம் தட்டு எடுத்துகினு வரானாம்."

"பையன் நல்ல பையனாச்சே நைனா," என்றான் ரஷீது. "ரயில்வே ஒர்க்‌ஷாப்ல கீறான். பொண்ணுக்கும் இஸ்டமாம், எங்க வூட்ல சொல்லிச்சி."

"என்னைத் தாண்டினவன் என் வூட்டு வாசப்படிய எப்படித் தாண்டுவான்? ரெண்டு பேரும் சாய்ங்காலம் வந்துருங்க. உங்கள வெச்சிகினுதான் அவன் மூஞ்சில காறித் துப்பணும்."

"வுட்டுத் தள்ளு. ஏயு வருசம் ஆச்சி. என் கையே ஆறிப்போச்சி."

"உன் கை ஆறும். எனக்கு ஆறாது."

சொக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிந்த கைக்காரன் விட்டுத்தள்ளு என்கிறான், தாண்டப்பட்டவன் பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போடப் பார்க்கிறான். எழுந்து சுப்பராயன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சுப்பராயன் வீட்டுச் சந்து முனைக் குழாயடியில் சிவந்தி குடத்தோடு நின்றிருந்தாள். தூளியில் கிடந்த காலத்திலிருந்து சொக்கம்மாள் ஆட்டி வளர்த்த பெண். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அத்தே, நைனா கிட்ட நீ சொன்னா கேக்கும். எனக்கு வேற யாரும் வேணாம். அவர் அப்பா செஞ்சதுக்கு அவர் இன்னா பண்ணுவாரு?"

"உங்க அம்மா இன்னா சொல்லுது?"

"அம்மா வாயே தொறக்கல. காலைலேர்ந்து அடுப்புகிட்டயே குந்திகினு கீது."

திறக்காதுதான். ஏன் திறக்காது என்பது இந்த உலகத்தில் சொக்கம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதுப்படம் போட்ட அன்றைக்கு ஆண்கள் எல்லாரும் முன் கேட்டில் படுத்துக்கொண்டார்கள். சந்துப் பக்கம் எவளும் வரமாட்டாள், சும்மா பார்த்துக்கொள் என்று சொக்கம்மாளை அனுப்பிவிட்டார்கள். அவள் போய்ப் பார்த்தாள், சந்து நிறையப் பெண்கள். தனியாளாகக் கேட்டுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தாள். சில பேர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சில பேர் நின்று யோசித்தார்கள். அப்புறம் முந்தானையைத் தலைமேல் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்ட ஒருத்தி தாண்டினாள், பின்னாலேயே மொத்தச் சந்தும் தாண்டியது. அந்த முதல் ஒருத்தி சுப்பராயனின் பெண்டாட்டி பச்சையம்மா. புருஷன் முன் கேட்டில் மண்ணில் கிடக்க, இவள் சந்து கேட்டில் படம் பார்க்கப் போனாள்.

இதைச் சொன்னால் சுப்பராயனின் வீறாப்பு இந்த நிமிஷமே உடையும், சிவந்தி கரையேறுவாள். ஆனால் அவன் கோபம் எப்படிப்பட்டது என்று சொக்கம்மாளுக்குத் தெரியும். பச்சையம்மாவை வீட்டைவிட்டுத் துரத்தினாலும் துரத்துவான். பெண்ணுக்கு ஒரு வீடு கிடைக்க அம்மா வீட்டை இழக்க வேண்டுமா? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவள் சாயங்காலம் அந்த வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். ரஷீதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜெயவேலும் அவன் பெண்டாட்டியும் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு சந்தில் வருவதைப் பார்த்ததும் சுப்பராயன் எழுந்தான். ஏதோ சண்டைக்குப் போகிறான் என்று நினைத்தால், நேராக வாசற்படிக்குப் போய் அதற்குக் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டான்.

"வாடா ஜெயவேலு. பயக்கமானதுதானே? தாண்டி உள்ள வா."

சந்தில் இருந்த சனமெல்லாம் கூடிவிட்டது. தட்டை வைத்துக்கொண்டு ஜெயவேலு நடுத்தெருவில் நின்றான்.

"மாமு, நான் செஞ்சது தப்புதான். அன்னிக்கே வந்து உன் கால்ல வுயுந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சி, வரல."

"வெக்கமா? படம் வுட்டு வரப்போ பாட்டு பாடிகினே வந்தியேடா. அப்ப எங்கடா போச்சி அந்த வெக்கம்?"

யாரோ சிரித்தார்கள். ஜெயவேலின் பெண்டாட்டி, போதும், திரும்பிப் போகலாம் என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சிவந்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு விம்மினாள். சொக்கம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பச்சையம்மாவைப் பார்த்தாள். பார்வையிலேயே அறைந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

பச்சையம்மா எழுந்து வந்தாள்.

"எய்ந்திருய்யா. நானுந்தான் போனேன்."

"எங்க போன?"

"அந்தப் படத்துக்குத்தான். அதே நாளு, அதே ஆட்டம். நீ வேலையும் இல்லாம சோறும் இல்லாம ரோட்ல கெடந்த. வூட்ல அடுப்பு எரியல. மூணு மணி நேரம் எல்லாத்தையும் மறந்துட்டு எங்கனா குந்தணும்னு இருந்துச்சி எனக்கு. போயிட்டேன். அவரத் தொரத்துறதுன்னா என்னையும் சேத்துத் தொரத்து."

சுப்பராயன் படுத்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தான். சொக்கம்மாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பரவாயில்லை, மகளுக்காகத் தன் தலையைக் கொடுத்துவிட்டாள், இவளும் ஒரு பொம்பளைதான் என்று நினைத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்தப் பாவி. புருஷன் முகம் கறுப்பதைப் பார்த்துப் பயந்தாளோ என்னவோ, மேலே பேசினாள்.

"ஆனா நான் ஒருத்தரையும் தாண்டலய்யா. சத்தியமா. பொம்பள கேட்ல யாரும் இல்ல. தொறந்து கெடந்துச்சி, போனேன்."

"யாரும் இல்லியா?"

சொக்கம்மாள் எழுந்த வேகத்தில் ரஷீது பயந்து நகர்ந்தான்.

"யாரும் இல்லியாடி? பொடவைய ஒரு சாண் தூக்கிப் புடிச்சிகினு என் வவுத்துக்கு மேல தாண்டின. உன் மெட்டி என் இடுப்புல இடிச்சிது. இடிச்சதும் இல்லாம, 'கொஞ்சம் தள்ளிப் படு சொக்கம்மா'ன்னு சொன்னியேடி. யாரும் இல்லாத எடத்துல யார்கிட்டடி சொன்ன?"

பச்சையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுப்பராயன் மெல்ல எழுந்து படியில் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை.

"சொக்கம்மா," என்றான், "நீயும் படுத்துகினா இருந்த?"

இத்தனை வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தோம் என்பது அந்த நிமிஷம் வரை சொக்கம்மாளுக்கே தெரியாது.

"பின்ன? சந்துல நின்னுகினு கோலமா போட்டேன்? நீங்க அத்தினி ஆம்பளைங்க ஒருத்தன் தோளை ஒருத்தன் புடிச்சிகினு படுத்தீங்க. நான் ஒண்டியா கெடந்தேன்டா. நான் தூளி ஆட்டின புள்ளைங்களோட அம்மாளுங்க எல்லாரும் என்னத் தாண்டினாளுங்க. புள்ளையையும் இடுப்புல வெச்சிகினு தாண்டினாளுங்க. வாராவாரம் பக்கத்துல குந்திகினு டீ குடிக்கிறோமே, அன்னிக்கு உன் பக்கம் இன்னா ஆச்சி சொக்கம்மான்னு ஒருத்தன் கேட்டீங்களா? ரஷீதே, நீ கேட்டியா? உன் வேலைக்காவத்தானே படுத்தேன்!"

ரஷீது ஒட்டிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"உன்ன ஒருத்தன் தாண்டினதுக்கு ஊருக்கே ஒப்பாரி வெச்ச. இப்ப சொல்லு சுப்பராயா. தாண்டினவன் வூட்ல சம்பந்தம் கூடாதுன்னா, தாண்டினவ கையால இத்தினி வருசம் சோறு துன்னியே, அதுக்கு இன்னா பண்ணப் போற? இவள வெச்சிப்பன்னா அவனையும் உள்ள வுடு. பொண்ணு வாய்க்கையில உன் ரோசத்தக் காட்டாத."

சுப்பராயன் படியைவிட்டு எழுந்து சுவரோரமாக ஒதுங்கி நின்றான். வா என்று அவன் சொல்லவில்லை. ஜெயவேலு தட்டோடு குனிந்து உள்ளே வந்தான். வந்தவன் முதலில் சொக்கம்மாள் காலடியில் தட்டை வைத்தான். அதைப் பெரியவர்கள் கையில் கொடு என்று சொல்லிவிட்டு, சிவந்தி தலையைத் தடவிவிட்டு, சொக்கம்மாள் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

சந்து முனைவரைக்கும் பச்சையம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு வா சோறு துன்னுட்டுப் போ. இப்படியே போனா எனக்கு ஆவாது."

"கல்யாணத்துக்கு வரேன். சிவந்திக்காக. பந்தில நீ எனக்குப் பரிமாறாத."

பச்சையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா இத்தினி வருசமா சொல்லாம இருந்த? என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை திட்டிருக்கலாமே."

"நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன்டி," என்றாள் சொக்கம்மாள். கையை உதறிவிட்டு டோல்கேட் பக்கம் நடந்தாள்.